தவளையின் பின்சீட்டில் வந்த வாடை

அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சித்தியும் சௌக்கியம், சித்தியின் வயிற்றில் இருப்பதையும் ஒரு ஆளாகச் சேர்த்தால் நாலு பேரும் சௌக்கியம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், அப்படி இல்லையென்றால் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதை எழுது. போன ஞாயிறு போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் ம், ம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார், நான் ஒரு வரி சொன்னால் அவர் இரண்டு வரி திருத்துவார், அந்தக் கூத்தில் உனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. இப்போது அவர் வெளியே நம் தவளைக் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், துடைக்க ஆரம்பித்தால் இப்போதைக்கு உள்ளே வரமாட்டார், அதனால் நிம்மதியாக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொண்டு படி.

சித்தி எங்களோடு வந்து தங்கியதிலிருந்து அவளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் தவளையில் கூட்டிப் போய் வருகிறேன். சித்தப்பா கப்பலில் இருக்கிறார், பிரசவத்துக்குத்தான் கரை இறங்குவார். அப்பாவுக்கு முட்டி வலி, இங்கே பக்கத்தில் பங்க் வரைக்கும் ஓட்டுவார், மலை ரோட்டில் கிளட்சை மிதித்து மிதித்து ஏற அவரால் ஆகாது. சித்திக்கு இதற்கு முன்னால் இரண்டு தடவை கைக்கு எட்டியது நழுவிப் போனது உனக்குத் தெரியும், நாற்பதைத் தொடுகிற வயதில் மறுபடி நின்றிருக்கிறது, அதனால் அவள் ஒரு தும்மல் போட்டால்கூட நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நிற்கிறோம். தவளையின் முன்சீட்டு லீவர் உடைந்து சீட்டு முன்னுக்கே நின்றுவிட்டது, அங்கே உட்கார்ந்தால் வயிறு டாஷ்போர்டில் இடிக்கிறது, எனவே பின்சீட்டில் தலையணைகளை அண்டக்கொடுத்து மகாராணி மாதிரி சாய்த்து உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்தின நாள் சாயங்காலம் அப்பா வண்டியை பங்குக்கு எடுத்துப் போய், காற்றுப் பார்த்து, கண்ணாடி துடைத்து, பெட்ரோலை வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டு வந்து நிறுத்துவார். மலையில் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை, இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

முதல் தடவை அந்த வாடை வந்தது சித்திக்கு நாலாம் மாதத்தில். ஏற்றத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் மூக்கில் சுருக்கென்று பெட்ரோல் வாடை. முன்னால் போன லாரிதான் என்று நினைத்து அதை முந்தினேன், வாடை போகவில்லை. பின்னாலிருந்து சித்தி, "அக்கா, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுக்கா, குடலைப் பிடுங்குது" என்றாள், சொல்லி முடிப்பதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக இறங்கி வாந்தி எடுத்தாள். கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வரும்போது வாடையும் இல்லை ஒன்றும் இல்லை, காற்று மாதிரி வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குத்தான் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு சுத்தமாகப் போய்விட்டதே, பால் தீய்ந்து அடுப்படியே புகை மூட்டமாக இருந்தபோதுகூட உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்த மனிதர். ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு முட்டி வலியோடு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கேயும் ஒரு சொட்டு ஈரமில்லை. மீட்டர் ரீடிங் எடுத்தே ரிட்டையர் ஆனவர் ஆயிற்றே, முள் காட்டினால் நம்புவார், நான் காட்டினால் நம்பமாட்டார். இருந்தாலும் என் வாய்க்குப் பயந்து தவளையை பத்தாம் நம்பரிடம் விட்டு வந்தார். நீ போன பிறகு வந்த மெக்கானிக் அவர், உனக்குத் தெரியாது. எந்த வேலை செய்தாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத்தான் காணோம் என்று தேடுவார், தெருவே அவருக்கு அந்தப் பேரை வைத்துவிட்டது, அவரும் போனை எடுத்தால் "பத்தாம் நம்பர் பேசுறேன்" என்கிறார்.

அவர் இன்ஜின் பக்கம் பெட்ரோல் வருகிற ரப்பர் பைப் ஒன்று காய்ந்து வெடித்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தார். நானும் அந்த வாரமெல்லாம் பேக்கரிக்குப் போக வர ஓட்டினேன், வாடையே இல்லை. அப்பாடா என்று இருந்தது. அடுத்த செக்கப் வந்தது, அதே வளைவு, அதே வாடை, அதே வாந்தி. மறுபடி பத்தாம் நம்பரிடம் போனேன். இந்த முறை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவரே ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டினார், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினார், பாலத்தில் ஏற்றி இறக்கினார். வேண்டும் என்கிற நேரத்தில் வாடை வருமா? டாக்டரைப் பார்த்ததும் காணாமல் போகிற பல்வலி மாதிரி ஒளிந்துகொண்டது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார், "அம்மா, என் மூக்குக்கு ஒண்ணும் தெரியல, வர்றப்ப அப்படியே கொண்டாங்க பார்ப்போம்" என்று. அது வருகிறபோது நான் மலை மேல் வாந்தி எடுக்கிற பிள்ளைத்தாச்சியோடு நிற்கிறேன், எங்கே கொண்டு போவது.

அதற்கப்புறம்தான் வீட்டிலும் தெருவிலும் பேச்சு மாறியது. சித்திக்கு வாடை அடிக்கிறது என்றால் மாசமாக இருப்பவளுக்குச் சோப்பு வாசனையே ஆகாது, இது என்ன பெரிய விஷயம் என்றார்கள். எனக்கு அடிக்கிறது என்றால் வயசு, டென்ஷன், தங்கச்சியைப் பற்றிய கவலை என்றார்கள். ஆக வண்டிக்குள் இருந்த இரண்டு மூக்குமே செல்லாது. உன் அப்பா ஒருநாள் ரொம்ப யோசித்தவர் மாதிரி வந்து உட்கார்ந்து, "போறப்ப மட்டும் அடிக்குது, வர்றப்ப அடிக்கல. போறப்ப டாக்டர் என்ன சொல்லுவாங்களோன்னு பயம், வர்றப்ப நிம்மதி. இது வண்டியில இல்லம்மா, மனசுல இருக்கு" என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். ஆனால் அவர் சொன்ன கணக்கில் எனக்கே ஓட்டை தெரியவில்லை சின்னு, அதுதான் வேதனை. நீயும் போனில் என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார், ஸ்ட்ரெஸ்ஸும்மா, லீவு போட்டு ரெஸ்ட் எடு என்றாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பேக்கரியில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். மாவு பொங்குகிற அறைக் கதவைத் திறந்தவுடன் இது பக்குவம், இது இன்னும் கொஞ்சம், இது புளித்துவிட்டது தூக்கிக் கொட்டு என்று மூக்கால் சொல்கிறவள் நான். முதலாளி அதை நம்பித்தான் ஒரு அடுப்பு ரொட்டியை உள்ளே தள்ளுகிறார். அந்த மூக்கே இல்லாததை இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது என்றால் நான் அங்கே என்ன பண்ணுவேன்? யாரிடமும் சொல்லவில்லை, அடுப்படியில் தனியாக நின்று கண்ணை மூடிக்கொண்டு காபிப் பொடி எது, மிளகு எது, சோப்பு எது என்று மோந்து பார்த்து எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். சித்தி தண்ணீர் குடிக்க வந்தவள் நான் கண்ணை மூடிக்கொண்டு துவைக்கிற சோப்பை முகர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, "அக்கா, மாசமா இருக்கறது நீயா நானா" என்று கேட்டாள், இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்கரியில் ஒருநாள் சரியாக இருந்த மாவைப் போய் இரண்டு முறை, மூன்று முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன், முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். இல்லாத வாடை அடித்தால் தலைக்குள் ஏதாவது கட்டி கிட்டி இருக்கும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் பயந்துபோய் நரம்பு டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனார். அந்த ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்தபோது நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை, இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இப்போது சொல்லலாம். தலைக்குள் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா வெளியே வந்ததும், "தலைக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு, நான் எத்தனை வருஷமா சொல்றேன்" என்று ஜோக் அடித்தார், பாவம், அந்த ரிப்போர்ட்டை உறைக்குள் போடத் தெரியாமல் மூன்று தரம் மடித்துப் பிரித்தார், நான் வாங்கிப் போட்டேன்.

சித்தி பக்கம் நிலைமை சரியில்லாமல்தான் இருந்தது. செக்கப்புக்குப் போய் வந்தால் அடுத்த இரண்டு மூன்று நாள் அவளுக்குத் தலைவலி, சாப்பாடு இறங்காது. எடை ஏறவில்லை என்று டாக்டரம்மா முகத்தைச் சுருக்கினார். இனிமேல் நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சித்தி பிடிவாதம் பிடித்தாள். அந்த மலை ரோட்டு பஸ் குலுக்குகிற குலுக்கலில் சும்மா இருக்கிறவர்களுக்கே இடுப்பு கழன்றுவிடும், இவளை எப்படி ஏற்றுவது. வண்டியில் போனால் வாந்தி, பஸ்ஸில் போனால் குலுக்கல், இரண்டுக்கும் நடுவில் நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் நான் பேக்கரிக்குக் கிளம்பிச் செருப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன், சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, நேத்து சாயங்காலத்துல இருந்து உள்ள அசையவே இல்லக்கா" என்றாள். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் வா என்று சொல்லி அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறார், பெட்ரோல் போடவில்லையே, முள் கீழே கிடக்கிறதே என்று கத்துகிறார், நான் காதில் வாங்கவில்லை. மலை ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதே, எனக்கு ரோடு ஞாபகம் இல்லை, பின்னால் பார்க்கிற கண்ணாடியில் சித்தியின் முகம் மட்டும்தான் ஞாபகம். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டி மெஷினைப் போட்டார்கள். முதலில் சத்தமே இல்லை, நர்ஸ் இங்கே வைக்கிறாள், அங்கே வைக்கிறாள், சித்தி என் கையை நெரிக்கிறாள். அப்புறம் கேட்டது பார், குதிரை ஓடுகிற மாதிரி கடகடகடவென்று. நர்ஸ் சிரித்துக்கொண்டே, "நல்லாத் தூங்கியிருக்கு, நீங்கதான் எழுப்பி விட்டுட்டீங்க" என்றாள். பரிசோதித்துப் பார்த்த டாக்டரம்மா எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இவள் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு பேரையும் சேர்த்தே திட்டி அனுப்பினார். அந்தத் திட்டு காதுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா.

திரும்பும்போது முள் அடிமட்டத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு பங்க் இருக்கிறது, அங்கே நிறுத்தி, உன் அப்பா பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டதுதானே, ஃபுல் டேங்க் போடச் சொன்னேன். இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், சித்தி பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்றுகூடப் பேச ஆரம்பித்திருந்தாள், இத்தனை மாதத்தில் பயந்துகொண்டு அந்தப் பேச்சையே எடுக்காதவள். அந்தப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு, "அக்கா, வந்துடுச்சு" என்றாள். எனக்கும் வந்துவிட்டது, சுருக்கென்று, அதே வாடை.

நான் வண்டியை ஓரங்கட்டினேன். சின்னு, அந்த நிமிஷம் எனக்குக் கோபமோ பயமோ வரவில்லை, வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. காலையில் போகும்போது எங்கள் இரண்டு பேருக்கும் உயிரே கையில் இல்லை, மனசில் இருக்கிற வாடை என்றால் அன்றைக்கு மூச்சு முட்ட அடித்திருக்க வேண்டும், துளிகூட அடிக்கவில்லை, சித்தி வாந்தியும் எடுக்கவில்லை. இப்போது நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வருகிறோம், இப்போது அடிக்கிறது. அப்படியானால் இது பயத்தைப் பார்த்து வருகிற வாடை இல்லை. முள்ளைப் பார்த்தேன், உச்சியில் நிற்கிறது. காலையில் கீழே கிடந்தது. ஒவ்வொரு செக்கப்புக்கும் போகும்போது அப்பா நிரப்பி வைத்திருப்பார், முள் உச்சியில் இருக்கும், திரும்பும்போது இறங்கியிருக்கும். பத்தாம் நம்பர் ஓட்டிப் பார்த்த அன்றும் பாதி டேங்க்தான். பேக்கரிக்குப் போகிற நாளெல்லாம் பாதியும் காலுமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். சித்தியை உடனே இறங்கச் சொன்னேன், சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். ரோட்டோரம் செடி விற்கிற ஒரு பெண்மணி தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், சித்தி வயிற்றைப் பார்த்ததும் கேட்காமலேயே ஸ்டூலைத் தூக்கிப் போட்டாள். அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னேன், அவர் அழுதுவிட்டார், அவர் அழட்டும் என்று கொஞ்சம் விட்டுவிட்டு, "என்னங்க, இப்ப ஒரு ரீடிங் சொல்றேன் கேளுங்க. முள்ளு மேல நிக்கறப்ப மட்டும்தான் வாடை வருது, ஏத்தத்துல. முள்ளு கீழ இருந்தா வரல. இதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் அவர் நான் சொன்னதையே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வண்டியை ஸ்டார்ட் பண்ணாத, நான் வரேன்" என்றார்.

பத்தாம் நம்பரின் வேனிலேயே இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அப்பா நேராகப் போய் பின்கதவைத் திறந்து, சித்தியின் தலையணைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பின்சீட்டு மெத்தையைப் பிடித்துத் தூக்கினார். அதற்கு அடியில் ஒரு வட்டமான தகடு இருக்கிறது, எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது, அதற்குக் கீழேதான் டேங்கின் வாய், அதில்தான் முள்ளுக்குப் போகிற வயர் இறங்குகிறதாம். அந்தத் தகட்டைச் சுற்றி இருந்த தூசி மட்டும் கறுத்து ஒட்டிப்போய் இருந்தது. அப்பா குனிந்து மோந்து பார்த்தார், பழக்க தோஷம், அவருக்கு என்ன தெரியப்போகிறது. பிறகு விரலை வைத்துத் தேய்த்தார். தேய்த்த விரலை அப்படியே காற்றில் நீட்டிக்கொண்டு நின்றார். "சில்லுன்னு இருக்கு" என்றார். பெட்ரோல் பட்டால் விரல் அப்படித்தான் குளிருமாம், காற்றில் பறந்துவிடுகிறதே. மூக்கு சொல்லாததை விரல் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். பத்தாம் நம்பருக்கு விரல் தேவைப்படவில்லை, கதவோரம் தலையை நீட்டியதும், "ஐயய்யோ, சார், எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு பேட்டரி வயரைக் கழற்றப் போய்விட்டார்.

டேங்கின் மேல் மூடிக்குக் கீழே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது பழசாகி ஒரு பக்கம் பிளந்திருக்கிறது. டேங்க் நிரம்பி, வண்டி மேட்டில் ஏறினால், பெட்ரோல் பின்பக்கமாகச் சாய்ந்து அந்தப் பிளவு வழியாகக் கசிகிறது, கசிந்தது கீழே சொட்டாமல் டேங்கின் தலையிலேயே பரவிக் காய்ந்துவிடுகிறது, அதனால்தான் அப்பா டார்ச் அடித்தபோது தரையில் ஈரமில்லை. ஆவி மட்டும் அந்தத் தகட்டின் இடுக்கு வழியாக மேலே வருகிறது. மேலே என்றால் எங்கே? சித்தி தலையணை வைத்துப் படுத்திருக்கிற இடத்துக்கு நேர் அடியில். நாங்கள் எல்லோரும் மாசமாக இருப்பவளின் மசக்கை என்று சொன்னது அதுதான். அப்பா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வண்டி நிற்கிற ஷெட்டும் நம் அடுப்படியும் ஒரே சுவர், அந்தச் சுவரில்தான் வெந்நீர் வைக்கிற கேஸ் கெய்சர், அது பற்றும்போது நீலமாக எரிகிற ஜுவாலையைப் பார்த்திருப்பாய். நிரப்பி வைத்த வண்டி ஒவ்வொரு முறையும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறது. இதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவருக்கே தோன்றியிருக்கிறது, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நான்தானே நிரப்பி நிரப்பி வச்சேன்" என்றார். அக்கறையில் செய்ததுதானே என்று சொன்னேன். அவர், "உன்னை ஸ்கேனுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனேனே" என்று அதையே இரண்டு தரம் சொன்னார். அந்தச் செடிக்காரப் பெண்மணி நடந்தது புரியாமல் அவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வழியில் வந்த டாக்சியில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்தாம் நம்பர் அங்கேயே திறந்த வெளியில் பெட்ரோலைக் கொஞ்சம் இறக்கி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் புது வளையமும், மேலே இருக்கும் தகட்டுக்குப் புது ரப்பரும் போட்டார். போட்டுவிட்டு அவர் சொன்னதை நம்பி நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை, இந்தத் தடவை நான் சொன்னபடிதான் பரிசோதனை. வாய் வரை பெட்ரோல் நிரப்பச் சொன்னேன், அவர் ஓட்ட, அப்பா முன்னால் குறுகி உட்கார, நான் பின்சீட்டில் சித்தி இடத்தில் படுத்துக்கொண்டு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, மலை உச்சி வரைக்கும் போய் வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் உன் அப்பா திரும்பித் திரும்பி, "வருதா, வருதா" என்று கேட்டார். எனக்கு என்னென்ன வாடை வந்தது தெரியுமா, பத்தாம் நம்பர் தலையில் வைத்திருந்த எண்ணெய், அப்பா சட்டையில் இஸ்திரி போட்ட வாசனை, சீட்டுக்கு அடியில் எப்போதோ நீ சிந்திய ஏதோ ஜூஸ். பெட்ரோல் மட்டும் வரவில்லை. உச்சியில் இறங்கி நின்று பத்தாம் நம்பர் சொன்னார், "அம்மா, இனிமே வாடைன்னு யாராவது வந்தா முதல்ல டேங்கை நிரப்பிட்டுத்தான் பார்ப்பேன்" என்று. நல்ல மனிதர், அன்றைக்கும் ஸ்பேனரைக் காணோம் என்று தேடினார், அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அது எப்படி அங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து உன் அப்பா கொஞ்சம் மாறிப்போயிருக்கிறார். பாலைத் திறந்தால் என்னிடம் நீட்டுகிறார், சட்டையை நீட்டுகிறார், மழை வருமா என்று மோந்து சொல்லு என்கிறார், நான் என்ன வானிலை அறிக்கையா. நேற்று சமையலில் நான் ஒன்றும் சொல்லாமல் மூக்கைச் சுளித்தேன், உடனே எழுந்து போய் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தார், எனக்குத் தும்மல்தான் வந்தது. பேக்கரியில் நான் மறுபடி ஒரே தடவை கதவைத் திறந்து, ஒரே தடவை மோந்து, தள்ளு உள்ளே என்கிறேன். முதலாளியும் பழையபடி கேள்வி கேட்காமல் தள்ளுகிறார்.

இன்றைக்குச் சித்திக்குச் செக்கப் இருந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முதலில் வண்டியில் ஏறமாட்டேன் என்று தயங்கினாள், மெத்தையைத் தானே தூக்கிப் பார்த்து, தகட்டைத் தடவிப் பார்த்து, அப்புறம்தான் ஏறினாள். முதல் வளைவு வந்தது, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவில் பையைப் பிரித்து ரொட்டி சாப்பிட ஆரம்பித்தாள், எனக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டாள். உச்சி தாண்டி இறங்கும்போது சத்தத்தையே காணோம் என்று கண்ணாடியில் பார்த்தால் தூங்கிப் போயிருக்கிறாள், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை வயிற்றின் மேல். இந்த ரோட்டில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்தது, நிறுத்தினால் எழுந்துவிடுவாள் போலிருந்தது. எனக்கு மனசு வரவில்லை சின்னு. வாசலைத் தாண்டி மதில் சுவரை ஒட்டியே மெதுவாக ஒரு சுற்றுப் போனேன், பிறகு இன்னொரு சுற்று. வாட்ச்மேன் மூன்றாவது தரம் கையைக் காட்டி என்ன என்று கேட்டார், உதட்டில் விரலை வைத்துப் பின்சீட்டைக் காட்டினேன், அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்டை நன்றாக அகலமாகத் திறந்து நிழலாக ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அவளாக எழும் வரைக்கும் நான் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எடை ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா.

நீ வாங்கியிருக்கிற அந்தச் செகண்ட் ஹேண்ட் வண்டியை ஒரு நல்ல ஆளிடம் காட்டு, பின்சீட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லு, சிரிக்காதே. ராத்திரி ஜன்னலைப் பூட்டிக்கொண்டு தூங்காமல் கொஞ்சம் காற்று வரவிடு. தலைக்கு எண்ணெய் வை. உடம்பிலோ வீட்டிலோ வேலையிலோ உனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், யார் என்ன சொன்னாலும், அது இன்னதென்று தெரிகிற வரைக்கும் விடாதே, அம்மாவே ஸ்ட்ரெஸ் என்று சொன்னாலும் விடாதே. சித்திக்கு ஒரு வரி எழுதிப் போடு, நீ அனுப்புகிற பேரைத்தான் வைப்பேன் என்று காத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் வாயில் நுழைகிற மாதிரி பேராக அனுப்பு. அப்பா உள்ளே வருகிற சத்தம் கேட்கிறது, வந்தால் திருத்துவார், அதற்குள் முடிக்கிறேன். நீ போகிற வழியெல்லாம் பூவாக இருக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் நீ இருக்க வேண்டும் என்று இங்கிருந்தே உன் உச்சி முகர்கிறேன்.

பிரசவத்துக்கு லீவு கேட்டு இப்போதே சொல்லி வை, கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா